கைடு தேடுறவங்களுக்கு: ப்ரொஃபைல்ல என்ன பாக்கணும், கரையில என்ன கேக்கணும்

யுனிவர்சிட்டி வெப்சைட்ல ஒரு ப்ரொஃபசர் பக்கத்தத் தொறந்தா "ஆராய்ச்சி ஆர்வம்"னு ஒரு வரி இருக்கும். கடல்சார் உயிரியல், பயோடைவர்சிட்டி, கிளைமேட் சேஞ்ச், பயோடெக்னாலஜி. பத்து பேரு பக்கத்தப் பாத்தா எட்டு பேருக்கு இதே வார்த்தைங்கதான், வரிசை மட்டும் மாறியிருக்கும். இந்த வரிய நம்பித்தான் நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பிஹெச்டிக்கு கைடு தேடுதுங்க. வருஷா வருஷம் அட்மிஷன் நேரத்துல எனக்கு போன் வரும், "அக்கா, இந்த சாரு மரைன் பயாலஜின்னு போட்டிருக்காரு, நல்லவரா?"ன்னு. நல்லவரா கெட்டவரான்னு எனக்கு எப்படித் தெரியும், ஆனா அவரு என்ன படிச்சவரு, எத ஆராய்ச்சி பண்றவரு, உன் ஆசைக்கு அவரு ஒத்து வருவாரான்னு கண்டுபிடிக்கிற வழி எனக்குக் கொஞ்சம் தெரியும். அத எழுதிடலாம்னுதான் இது.

நான் ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் பக்கம். அப்பா மீன்புடிக்குப் போறதோட, ஆராய்ச்சிக்கு வர்றவங்கள வல்லத்துல, அதாவது எங்க நாட்டுப் படகுல, ஏத்திட்டுப் போற வேலையும் ரொம்ப வருஷமா பாக்குறாரு. பள்ளிக்கூட லீவுல நானும் கூடப் போவேன், ஐஸ் பெட்டி புடிக்க, பாட்டில்ல லேபிள் ஒட்ட. அப்புறம் நானே எம்எஸ்சி, பிஹெச்டின்னு போனேன். ஆனா ப்ரொஃபசர்கள எப்படி வகை பிரிக்கிறதுன்னு நான் கத்துக்கிட்டது வல்லத்துலதான். அப்பா சொல்லுவாரு, "அவுக கேக்குற மொத கேள்வியிலயே தெரிஞ்சிரும்த்தா, இவுக என்ன சாருன்னு".

நெசந்தான். வகைப்பாட்டியல், அதாவது உசுருங்கள இனம் பிரிக்கிற படிப்பு, படிச்சவங்க வந்தா மொத கேள்வி "இத உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க, எத்தனை பாகத் தண்ணியில கெடைக்கும்?" (பாகம்னா கடலோட ஆழத்த அளக்குற கணக்கு.) அவங்களுக்கு அவசரமே இருக்காது, ஒரு சிப்பிய கையில வச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருப்பாங்க, வெயில் ஏறிப்போயிரும். கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி பக்கமிருந்து வர்றவங்க "எத்தனை கிலோ கெடைக்கும், ஐஸ் இருக்கா?"ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது அந்தப் பாசியோ கடல்பஞ்சோ இல்ல, அதுக்குள்ள இருக்கிற சாறு. ஜியாலஜி ஆளுங்க மீனத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, பைப்ப மண்ணுக்குள்ள எறக்கி எடுப்பாங்க, மண்ணுதான் அவங்களுக்கு எல்லாம். ரிமோட் சென்சிங் ஆளுங்க ஜிபிஎஸ்ஸ வச்சுக்கிட்டு "இங்க நிறுத்துங்கண்ணே, கீழ தாழை (கடல்புல்) இருக்கா இல்ல வெறும் மணலா?"ன்னு கேட்டு, எழுதிட்டு, அடுத்த பாயிண்ட்டுக்குப் போவாங்க. சமூகவியல், பொருளாதாரம்னா வல்லத்துல ஏறவே மாட்டாங்க, எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து அம்மாகிட்ட மாச வருமானம் கேப்பாங்க. (அம்மா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லும், அது உண்மையான கணக்கு இல்ல, அத வச்சு எத்தனை தீசிஸ் வந்துச்சோ.)

இதுல பெரிய ஆளு சின்ன ஆளுன்னு ஒன்னும் இல்ல. ஆனா இவங்க அஞ்சு பேரோட ப்ரொஃபைல்லயும் "மன்னார் வளைகுடா, கடலோரச் சூழல்"னு ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும். அங்கதான் சிக்கலே.

பாசிய எடுத்துக்கங்க, நம்ம கடற்கரையில அதவிட நல்ல உதாரணம் கெடையாது. எங்க சித்தப்பா மகளுக்கு பாசி சம்பந்தமா ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. அவ அம்மா, அப்பத்தா எல்லாரும் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எடுத்தவங்க, அவ அந்தக் காசுலதான் படிச்சா. "கடல்பாசி"ன்னு ஆர்வத் துறை போட்டிருந்த மூணு பேர லிஸ்ட் எடுத்துட்டு வந்தா. உக்காந்து ஒவ்வொருத்தரா பாத்தோம். ஒருத்தரு பாட்டனி படிச்சவரு, பாசியோட இனம், பருவம், எங்க எவ்வளவு வளருதுன்னு பண்றவரு. இன்னொருத்தங்க பயோகெமிஸ்ட்ரி, பாசியில இருந்து சாறு எடுத்து பாக்டீரியாவக் கொல்லுதா, நானோ துகள் பண்ணலாமான்னு பாக்குறவங்க, அவங்க கட்டுரைகள்ல கடல் ஒரே ஒரு வரியிலதான் வருது, "சாம்பிள் மண்டபத்தில் சேகரிக்கப்பட்டது"ன்னு. மூணாவது ஆளு பொருளாதாரம், பாசி வளர்ப்புல பெண்கள் குழுக்களோட வருமானம். மூணுமே பாசிதான், ஆனா மூணு இடத்துல சேந்தா அவ வாழ்க்கை மூணு விதமாப் போகும், ஒன்னுல அஞ்சு வருஷம் கடல்ல, ஒன்னுல அஞ்சு வருஷம் ஏசி லேப்ல, ஒன்னுல அஞ்சு வருஷம் சர்வே ஃபாரத்தோட ஊர் ஊரா.

அதோட முடியல. கப்பாஃபைகஸ்னு ஒரு வெளிநாட்டுப் பாசி, மிதவையில கட்டி வளக்குறது, நம்ம ஆளுங்க பெப்சி பாசின்னு சொல்லுறது. அத இங்க வளத்துப் பாத்தது மண்டபத்துல இருக்கிற சிஎஸ்எம்சிஆர்ஐ (மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம்) ஸ்டேஷன், அப்புறம் பெப்சி கம்பெனி வந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஒரு கூட்டம் ஆராய்ச்சியாளர்கள் இத வாழ்வாதாரமாப் பாக்குறாங்க. இன்னொரு கூட்டம், இது குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல படந்து மூடுதுன்னு 2008-லயே கரண்ட் சயின்ஸ் ஜர்னல்ல எழுதிட்டாங்க. ரெண்டு பக்கமும் படிச்சவங்கதான், ரெண்டு பக்கமும் ஆதாரம் வச்சிருக்காங்க. நீங்க சேரப்போற கைடு எந்தப் பக்கம் நின்னு எழுதியிருக்காருன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க, ஏன்னா உங்க தீசிஸ் தலைப்பு அந்தப் பக்கத்துலருந்துதான் பொறக்கும். மாத்திச் சொல்லவே கூடாதுன்னு இல்ல, ஆனா மாத்திச் சொல்ல வேண்டி வந்தா அவரு விடுவாரான்னு யோசிச்சு வைக்கணும்.

சரி, எப்படித் தேடுறது. நான் ப்ரொஃபைல கீழருந்து மேல படிப்பேன். மேல விருது, மெம்பர்ஷிப், போட்டோ எல்லாம் இருக்கும், அது கெடக்கட்டும். கீழ படிப்பு விவரத்துல அவரு எம்எஸ்சி எதுல, பிஹெச்டி எங்க, எத வச்சுன்னு பாருங்க. எம்எஸ்சி ஸுவாலஜி படிச்சிட்டு பிஹெச்டி மட்டும் கடல்ல பண்ணவங்க உண்டு, பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துல படிச்சு வந்தவங்க உண்டு, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில எம்எஃப்எஸ்சி (மீன்வள முதுநிலைப் படிப்பு) படிச்சவங்க உண்டு. மீன்வளம் படிச்சவங்க மீன் வளர்ப்பு, தீவனம், நோய், பிடிப்பு அளவுன்னு யோசிப்பாங்க, ஸுவாலஜி ஆளுங்க அந்த உசுரு எப்படி வாழுதுன்னு யோசிப்பாங்க. ஒரே இறாலப் பத்தித்தான், ஆனா கேள்வி வேற.

படிப்புதான் கடைசி வரைக்கும் ஆளத் தீர்மானிக்கும்னும் சொல்லிட முடியாது. கலாம் ஐயா பேர இழுக்காம நம்ம மாவட்டத்துல படிப்பப் பத்திப் பேச முடியாதுல்ல, அவரே திருச்சி செயின்ட் ஜோசப்ஸ்ல பிசிக்ஸ் படிச்சிட்டு அப்புறம் சென்னை எம்ஐடியில விமானப் பொறியியல் போனவர்தான். மண்டபத்துக்கே சொந்தமான உதாரணம் என்.கே. பணிக்கர். இறாலு உப்பு கூடுற கொறையுற தண்ணிய உடம்புல எப்படி சமாளிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ண விலங்கியல்காரரு, மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) இயக்குநரா இருந்தாரு, பின்னாடி 1966-ல தொடங்கின, இப்ப கோவாவுல இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனத்துக்கு மொத இயக்குநர். ஒரு இறாலுல ஆரம்பிச்சு ஒரு கடலுக்கே போனவரு. அந்த சிஎம்எஃப்ஆர்ஐ 1947-ல தொடங்கினது, தலைமையிடம் 1949-ல இருந்து 1971 வரைக்கும் நம்ம மண்டபம் கேம்ப்லதான், அப்புறந்தான் கொச்சிக்கு மாறுச்சு. இன்னைக்கும் மண்டபத்துல அவங்க மையம் இருக்கு. காலேஜ்ல படிக்கிற நம்ம ஊருப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு இது தெரியலங்கிறதுதான் எனக்கு ஆத்திரம், பஸ்ல தெனம் அந்த கேட்டத் தாண்டித்தான் போகுதுங்க.

பழைய ஆளுங்க படிப்பும் ஆர்வமும் வெப்சைட்ல சிக்கும், இப்ப இருக்கிறவங்களுக்கு கொஞ்சம் தோண்டணும். ஷோத்கங்கான்னு ஒரு தளம், நாடு பூரா யுனிவர்சிட்டிகளோட பிஹெச்டி தீசிஸ் அதுல இருக்கும், காசு கெடையாது. அதுல கைடு பேரப் போட்டுத் தேடுங்க. அவருகிட்ட முடிச்சவங்க யார் யாரு, தலைப்பு என்ன, எந்த வருஷம்னு வரும். இதுதான் உண்மையான ஆர்வத் துறை. ப்ரொஃபைல்ல "பவளப்பாறை"ன்னு எழுதியிருக்கும், மாணவங்க அஞ்சு பேருல ஒருத்தர்கூட பவளப்பாறை பண்ணியிருக்க மாட்டாங்க, எல்லாம் இறால் பண்ணை பாக்டீரியாவா இருக்கும். அப்ப உங்களுக்கும் அதுதான் வரும்னு எடுத்துக்கங்க. தீசிஸ்ல மொத அத்தியாயத்தப் படிக்க வேணாம், மெத்தட்ஸ் பகுதிக்குப் போங்க, எத்தனை மாசம் சாம்பிள் எடுத்தாங்க, எங்க எடுத்தாங்க, எந்த மெஷின்ல பாத்தாங்க, அந்த மெஷின் அந்த யுனிவர்சிட்டியிலயே இருக்கா, இல்ல சென்னைக்கு அனுப்பிப் பாத்தாங்களா, எல்லாம் அங்க இருக்கும்.

கூகுள் ஸ்காலர் பக்கத்துல பேருக்குக் கீழ வர்ற ஆர்வத் துறை வார்த்தைங்க அவங்களே டைப் பண்ணி வச்சது, அதுக்கு மேல அதுக்கு மதிப்பு இல்ல. சைட்டேஷன் எண்ணிக்கைய (மத்தவங்க எத்தனை தடவ மேற்கோள் காட்டினாங்கங்கிறது) பாத்து மலைச்சுராதீங்க, அம்பது பேரு சேந்து எழுதின கட்டுரையில ஒருத்தரா இருந்தாலும் அது ஏறும். வருஷ வாரியா அடுக்கிட்டு கடைசி நாலு வருஷத்தப் பாருங்க. அவரோட மாணவன் பேரு மொத ஆத்தரா வருதா, சார் பேரு கடைசியில வருதா? அது நல்ல அடையாளம். எல்லாக் கட்டுரையிலயும் சாரே மொத ஆத்தருன்னா எனக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

இன்னொன்னு, நம்ம ஊர்ப் பேரு பிரச்சனை. இனிஷியலும் பேரும் ஒன்னா இருக்கிற ஆளுங்க தமிழ்நாட்டுல எத்தனையோ பேரு, ஸ்காலர்ல ஒரு கடல் உயிரியல் சார் பக்கத்துல இருதய ஆபரேஷன் கட்டுரையெல்லாம் வந்து கெடக்கும். ஆர்கிட் (ORCID) நம்பர், அதாவது ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா உள்ள அடையாள எண், போட்டிருந்தா அத வச்சுப் பாருங்க, இல்லேன்னா இன்ஃப்ளிப்நெட் நடத்துற, ஆராய்ச்சியாளர்களோட விவரம் இருக்கிற வித்வான் தளத்துல எந்த டிபார்ட்மென்ட்னு சரி பாத்துக்கலாம்.

இப்ப நான் யாருகிட்டயும் கேட்டுக் கத்துக்காத, வல்லத்துல இருந்து வந்த ஒரு வித்தை சொல்றேன். கட்டுரையோட கடைசியில நன்றி சொல்லியிருப்பாங்கல்ல, எல்லாரும் தாண்டிப் போற பகுதி, அத மொதல்ல படிங்க. அதுல வனத்துறைக்கு அனுமதி தந்ததுக்கு நன்றின்னு இருந்தா, இந்த சாருக்கு அனுமதி வாங்குற வழி தெரியும்னு அர்த்தம். இது சின்ன விஷயம் இல்ல. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவையும் சுத்தி இருக்கிற கடலையும் 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, 560 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள அனுமதி இல்லாம ஒரு சிப்பி பொறுக்கக்கூட முடியாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001-லயே பாதுகாப்புப் பட்டியலுக்குப் போயிருச்சு. கடல் அட்டை மேல பிஹெச்டின்னு ஆசையா தலைப்பு வாங்கிட்டு, அனுமதிக்கு லெட்டர் போட்டுட்டு மாசக்கணக்குல உக்காந்திருந்த பிள்ளைங்கள எனக்குத் தெரியும், கடைசியில தலைப்ப மாத்திக்கிட்டாங்க. அதே நன்றிப் பகுதியில ப்ராஜெக்ட் காசு யாரு குடுத்தான்னு இருக்கும், வல்லக்காரங்க, மீனவங்க பேருக்கு நன்றி சொல்லியிருக்காங்களான்னும் பாருங்க. சொன்னவங்க ரொம்பக் கம்மி. சொன்னவங்கள நான் நம்புவேன்.

கடலப் பத்தின ஆர்வம் இருக்கிறதும் கடல் தெரியிறதும் வேற. நம்ம பக்கம் ரெண்டு கடல், வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா). கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்கள்ல தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கெடக்கும், வாடைக்கு அப்படியே தலைகீழ். இது தெரியாம "மாசா மாசம் பத்தாம் தேதி ரெண்டு கடல்லயும் சாம்பிள்"னு திட்டம் போட்டுக் குடுப்பாங்க, அப்பா சிரிச்சுட்டு "சாருட்ட கடல்ட்ட மொதல்ல தேதி வாங்கச் சொல்லு"ம்பாரு. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, எறங்குதளத்துல ட்ராலர் மீன் டேட்டா எடுக்கிற திட்டம்னா அந்த ரெண்டு மாசம் காலிதான். ஒரு கைடோட பழைய தீசிஸ்ல இந்தத் தடைக்காலத்துக்கு என்ன பண்ணாங்கன்னு எழுதியிருந்தா அவரு கரைய மிதிச்சவரு.

அதுக்காக கடலோரத்துல இருக்கிற டிபார்ட்மென்ட்டுதான் நல்லதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்ல மாட்டேன். தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை இருக்கு, நம்ம மாவட்டத்துக்குள்ளயே, வீட்ல இருந்து போயிட்டு வர்ற தூரம்னு பொம்பளப் பிள்ளைங்களுக்கு வீட்ல சம்மதம் வாங்கவும் ஈசி. ஆனா திருச்சியில பாரதிதாசன் பல்கலைக்கழகத்துலயும் கடல் அறிவியல் துறை இருக்கு, அங்க கடல் கெடையாது, காவேரிதான். லேப் வேலைக்கு அது ஒன்னும் தடை இல்ல. உங்க கேள்வி கடல்ல இருக்கா, பாட்டிலுக்குள்ள இருக்கான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. கடல்னாலே உயிரியல்தான்னும் நெனைக்காதீங்க. பெரியபட்டினத்துல சீனப் பீங்கான் ஓடு கெடைச்சுது, அழகன்குளத்துல ரோமானியப் பானை ஓடு, தனுஷ்கோடிய 1964 புயல் தூக்கிட்டுப் போச்சு. வரலாறு, தொல்லியல், நிலவியல் படிச்ச பிள்ளைங்களுக்கும் இந்தக் கரையில வேலை கெடக்கு, என்ன, கைடு தொல்லியலும் கோ-கைடு நிலவியலும்னு ரெண்டு துறையில ஆள் தேட வேண்டி வரும். கோ-கைடு வேற துறையிலருந்தோ வேற நிறுவனத்துலருந்தோ வச்சுக்க விதிமுறை இடம் குடுக்குது, யுனிவர்சிட்டி ஒத்துக்கணும் அவ்வளவுதான். சிஎம்எஃப்ஆர்ஐ மாதிரி இடத்துல இருக்கிற விஞ்ஞானிகள கைடா வச்சுக்கலாமான்னு கேக்குறாங்க, அவங்களுக்கு எந்த யுனிவர்சிட்டியோட கைடு அங்கீகாரம் இருக்குன்னு பாத்துட்டுத்தான் பேசணும்.

விதிமுறைன்னதும் ஞாபகம் வருது, யுஜிசி 2022 விதிப்படி ப்ரொஃபசர் ஒரு நேரத்துல 8 பேரு, அசோசியேட் 6, அசிஸ்டன்ட் 4 பேருக்குத்தான் கைடா இருக்கலாம். ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்க புதுசா ஆள் எடுக்கக் கூடாது. அதனால பெரிய பேரு, பெரிய அனுபவம்னு மயங்குறதுக்கு முன்னாடி அவருகிட்ட எடம் காலியா இருக்கா, சர்வீஸ் எவ்வளவு பாக்கின்னு டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல விசாரிச்சிருங்க, இத சார்கிட்டயே நேரா கேக்க கூச்சமா இருந்தா அங்க பிஹெச்டி பண்ற ஸ்காலர் யாராச்சும் சொல்லிருவாங்க. கொறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம், பொம்பளைங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கூடுதலா தரலாம், பிரசவ லீவு 240 நாள் வரைக்கும். கல்யாணம் ஆன பிள்ளைங்க இதக் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கங்க. ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கெடைச்சா மாசம் 37,000, அது இல்லேன்னா கைடோட ப்ராஜெக்ட்டுலருந்து ஏதாச்சும் வருமான்னு பாக்கணும், வல்லத்து வாடகையும் டீசலும் யாரு குடுப்பான்னும் மொத நாளே பேசிக்கங்க. பெரும்பாலும் அது மாணவன் தலையிலதான் விழுது, பேசினா பாதியாவது கொறையும்.

வெப்சைட்ல கெடைக்காதத அங்க படிக்கிற ஸ்காலர்கிட்டதான் கேக்கணும். "சார் எப்படி?"ன்னு கேட்டா "நல்லா பாத்துக்குவாரு"ன்னுதான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்ல முடியும் அவங்களால. அதனால கேள்விய மாத்திக் கேளுங்க. நீங்க எழுதின சாப்டர் எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சு, சார் உங்க கூட ஃபீல்டுக்கு கடைசியா எப்ப வந்தாரு, தலைப்ப யாரு முடிவு பண்ணா, உங்களுக்கு முன்னாடி பாதியில விட்டுட்டுப் போனவங்க இருக்காங்களா. கடைசிக் கேள்விக்கு அவங்க எவ்வளவு நேரம் யோசிக்கிறாங்கன்னு பாருங்க, பதில விட அது முக்கியம். கரையிலயும் கேளுங்க. எந்த சாரு வல்லக்காரருக்கு பேசின காசக் குடுத்தாரு, எந்த சாரு மாணவங்கள தனியா அனுப்பிட்டு வீட்ல உக்காந்தாருன்னு மண்டபம், வேதாளை, பாம்பன் பக்கம் ஆளுங்களுக்கு அத்துபடி.

எங்க சித்தப்பா மகள் கடைசியா பாட்டனி சாரத்தான் தேர்ந்தெடுத்தா. காரணம் கேட்டா, அவரோட பழைய மாணவியோட தீசிஸ்ல பாசி எடுக்கிற பெண்கள் சொன்ன பருவக் கணக்கும் இவங்க அளந்த கணக்கும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருந்துச்சாம். வருமானக் கேள்விய விட முடியல அவளுக்கு, அதுக்கு பொருளாதாரத்துல ஒரு கோ-கைடு கேட்டுப் பாக்கலாம்னு இருக்கா, அது என்ன ஆகும்னு பாக்கணும்.

மெயில் எழுதுறது பத்தி எல்லாரும் கேக்குறீங்க. "ரெஸ்பெக்டட் சார், நான் உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்"னு எல்லாருக்கும் ஒரே மெயில் போடாதீங்க, அவங்க ஒரு வரியிலயே கண்டுபிடிச்சிருவாங்க. அவரோட ஒரு கட்டுரையப் படிச்சிட்டு அதுல உங்களுக்கு வந்த ஒரு கேள்விய எழுதுங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இதுல ஒரு பலம் இருக்கு, மத்தவங்களுக்குக் கெடையாது: "சார், நீங்க இந்த இடத்துல இந்த மாசம் பாசி கம்மின்னு எழுதியிருக்கீங்க, எங்க அம்மா அந்த மாசம் அங்க எடுக்கப் போகவே மாட்டாங்க, நீரோட்டம் ஜாஸ்தி, அதனாலயா?"ன்னு ஒரு வரி எழுதினா எந்த சாரும் பதில் போடாம இருக்க மாட்டாரு. மார்க் ஷீட், உங்க எம்எஸ்சி ப்ராஜெக்ட் சுருக்கம் ஒரு பக்கம், இது ரெண்டும் போதும், பத்து சர்டிஃபிகேட் ஸ்கேன் பண்ணி அனுப்ப வேணாம். செமஸ்டர் பரீட்சை நேரத்துல அனுப்பாதீங்க. ரெண்டு வாரம் பதில் இல்லேன்னா ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கும் பதில் இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த பேருக்கு எழுதிருங்க.